நீலகிரியில் முன்னோரின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"தாத்தா 38-லயோ 40-லயோ பொறந்திருப்பாரு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நகராட்சி ஜன்னலில் கேட்பதோடு பல தேடல்கள் நின்றுபோகின்றன. உள்ளே இருப்பவர்மேல் குற்றமில்லை. பழைய பதிவேடுகள் பெயர்வரிசையில் கிடையாது. ஆண்டுவாரியாகவும் பதிவு எல்லைவாரியாகவும் பிரிந்து, பதிந்த தேதியின் வரிசையில் ஓடுபவை. ஆண்டும் இடமும் தெரிந்தால் பெயர் கொஞ்சம் தவறாக இருந்தாலும் பதிவு அகப்படும். பெயர் மட்டும் சரியாக இருந்து பயனில்லை.

ஆகவே கீழே உள்ள வரிசையில் முதல் பாதி முழுக்க ஆண்டையும் இடத்தையும் பிடிப்பதற்கானது. அலுவலக வாசலை மிதிப்பது அதற்குப் பிறகு.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஓர் ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். பெயர், கூப்பிட்ட பெயர், தகப்பனார், தாயார், ஊர், பிறப்பு, திருமணம், இறப்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் பார்த்தது" என்று குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அத்தை சொன்னதும் பத்திரத்தில் இருந்ததும் கலந்துவிடும். பிறகு இரண்டு தேதி மோதும்போது எதை நம்புவது என்று தெரியாது.

அலுவலகத்துக்குக் கொண்டுபோக உங்கள் ஆதார் நகலும், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று காட்டும் ஆவணச் சங்கிலியும் தேவைப்படும். உங்கள் பிறப்புச் சான்றில் அப்பா பெயர், அப்பாவின் டி.சி.யில் தாத்தா பெயர் என்று ஒன்றுக்கொன்று கொக்கி போட்டிருந்தால் போதும்.

2. இறப்பில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பைத்தான் முதலில் தேடுவார்கள். கிடைப்பதற்கு மிகக் கடினமானது அதுதான். அவருடைய இறப்பு பிறப்பைவிட ஐம்பது, அறுபது ஆண்டு பிந்தியது. பதிவாகியிருக்கும் வாய்ப்பு அதிகம், நேரில் பார்த்தவர்களும் உயிரோடு இருக்கக்கூடும். இறப்புப் பதிவில் வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், முகவரி கிடைக்கும். அந்த வயதைக் கழித்தால் பிறப்புக்கான ஆண்டு எல்லை தானாக வரும்.

இதே காரணத்தால் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அப்பாவின் பதிவு கையில் வந்த பிறகுதான் தாத்தா.

3. வீட்டுக் காகிதங்களைக் கிளறுவது

டிரங்குப் பெட்டியில் தேட வேண்டியவை: ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், வாரிசுச் சான்று, பி.எஃப். நியமனப் படிவம், பைபிளின் முதல் பக்கம், சுவரில் மாலை போட்ட போட்டோவின் பின்பக்கம். கருமாதிப் பத்திரிகையை யாரும் மதிப்பதில்லை. இறந்த தேதியும் பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் பெயரும் ஒரே தாளில் இருப்பது அதில்தான்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "பெரியப்பா பிறந்தப்போ பாட்டி எந்த ஊர்ல இருந்தாங்க? அவருக்கு மேல யாரு, கீழ யாரு? இறந்துபோன குழந்தை இருந்ததா?" என்று கேளுங்கள். பிறப்பு வரிசை மனத்தில் நிற்கும், எண் நிற்காது. இறந்துபோன குழந்தைகளைப் பற்றிக் கேட்பது முக்கியம். அந்தக் குழந்தையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் உண்டு. அண்ணனின் பதிவைத் தம்பியுடையது என்று எடுத்துவருவது இப்படித்தான் நடக்கிறது.

4. வயதையும் தமிழ் வருஷத்தையும் ஆங்கில ஆண்டாக்குவது

ஜாதகத்தில் "பார்த்திப வருஷம் மாசி மாதம்" என்றிருந்தால் 1945 என்று எழுதிவிடாதீர்கள். பார்த்திப வருஷம் 1945 சித்திரையில் தொடங்குகிறது. மாசி அதன் பதினோராம் மாதம் என்பதால் அது 1946 பிப்ரவரி–மார்ச். மார்கழியின் பின்பாதியிலிருந்து பங்குனி முடிய எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். "தாது வருஷம்" என்றால் 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதோடு ஒட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் மாறும், பதிவேட்டில் நள்ளிரவில் மாறும். விடியற்காலை இரண்டு மணிக்குப் பிறந்தவருக்கு இரண்டும் ஒரு நாள் வேறுபடும். அது முரண்பாடு இல்லை, ஒரே பிறப்புதான்.

நிலப் பதிவுகளில் வரும் பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை.

தேதியே இல்லாதபோது மலையின் பொதுச் சம்பவங்களை எல்லைக்கல்லாக வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்கு 1908. விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுயன்சா) பரவியது 1918. பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1932. "கரண்ட் வந்த பிறகு" என்பது பைக்காராவைக் குறிக்காமல் அவர்கள் ஊருக்கு விளக்கு வந்ததைக் குறிக்கலாம். அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இறப்புப் பதிவின் வயதில் ஐந்து ஆண்டு முன்பின் விடுங்கள். 60, 65, 70, 75 என்று முழு எண்ணாக இருந்தால் அது மதிப்பீடு. பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியில் மே, ஜூன் மாதம் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜூனில் ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்ட தேதி அதில் நிறைய.

5. ஹட்டியை வருவாய்க் கிராமமாக்குவது

வீட்டில் சொல்லும் ஊர்ப் பெயர் பதிவேட்டின் அட்டையில் இருக்காது. படகர் குடியிருப்பான ஹட்டி, தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால், எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான லயன் எதுவானாலும் பதிவு ஒரு வருவாய்க் கிராமத்தின் பெயரில் நடந்திருக்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள் அடங்கும். ஹட்டிப் பெயரைச் சொல்லி "அப்படி ஒரு கிராமமே லிஸ்ட்ல இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஆகவே அந்த ஹட்டியில் இப்போது இருக்கும் யாருடைய பட்டாவையாவது பாருங்கள். மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். தோட்டப் பெயர் மட்டும் தெரிந்தால் அந்தப் பகுதி வி.ஏ.ஓ.விடம் கேட்கலாம்.

பிறகு, அந்த ஆண்டில் அந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்று நீலகிரியில் ஆறு தாலுகா: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றுதான். கோத்தகிரிப் பக்கத்துக் கொள்ளுத்தாத்தாவைக் குன்னூர்த் தாலுகாவின் கீழ்த் தேட வேண்டும், பந்தலூர்க்காரரைக் கூடலூரின் கீழ். அதற்கும் பின்னால் போனால், கூடலூர் பக்கம் 1877 வரை மலபாரோடு இருந்தது. மலைமேல் உள்ள பகுதி 1868-இல் தனி நிர்வாகமாகும் வரை கோவையோடு இருந்தது. அந்தக் காலத்துக் கிராமப் பிறப்புப் பதிவு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். நிலம், தேவாலயம் பற்றிய காகிதங்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

வெலிங்டன் தனி உலகம். அது கண்டோன்மென்ட், அதாவது தனி நிர்வாகம் கொண்ட ராணுவப் பகுதி. பிறப்பு, இறப்பைத் தானே பதிந்து தானே வைத்திருக்கும். குன்னூர் நகராட்சியில் தேடிப் பயனில்லை. 1860-க்கு முந்தைய ஆங்கில ஆவணங்களில் அந்த இடம் ஜக்கதல்லா என்ற பெயரில் வரும். இன்றைய ஜகதளாவின் பெயர்தான் அது.

6. நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு

தடுக்கி விழுகிறவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதியப்படும், குடியிருந்த இடத்தில் அல்ல. இத்தலாரில் வாழ்ந்தவர் கோவை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு கோவையில். அதிகரட்டிக்காரருக்குக் குன்னூர் லாலி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பதிவு குன்னூர் நகராட்சி எல்லையில்.

ஆஸ்பத்திரியே இல்லாத காலத்துக்கும் இது பொருந்தும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பை அம்மாவின் பிறந்த ஊரில் தேடுங்கள், மற்றவர்களை அப்பாவின் ஊரில். படகர் குடும்பங்களில் பெண் எடுப்பது வேறு ஹட்டியிலிருந்து என்பதால் இந்த இரண்டு ஊரும் வெவ்வேறு வருவாய்க் கிராமமாக, சில சமயம் வேறு சீமையாகவே (பல ஹட்டிகள் சேர்ந்த பகுதி) இருக்கும். பாட்டியின் பிறந்த ஹட்டி எது என்ற ஒரு கேள்விக்கு விடை இல்லாமல் மூத்தவரின் பிறப்பைத் தேடக் கிளம்பவே வேண்டாம்.

7. எந்தக் காலத்துப் பதிவு எங்கே இருக்கும்

*நகராட்சி எல்லை.* உதகை, குன்னூர் நகராட்சிகள் இரண்டும் 1866-இல் உருவானவை. அதற்காக அந்த ஆண்டிலிருந்தே பதிவேடு வரிசையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மதராஸ் மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-இல். நகரங்களில் முதலில் வேரூன்றி, கிராமங்களுக்குப் படிப்படியாகத்தான் அது பரவியது. நகராட்சியில் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பிறப்புகளுக்குத் தனிப் பதிவேடு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

*கிராமங்கள்.* 1980 வரை கிராம முன்சீப் பதிந்தார். நீலகிரியில் மணியக்காரர் என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு பொறுப்பு வி.ஏ.ஓ.வுக்கு வந்தது. நடப்புப் பதிவுகள்தான் வி.ஏ.ஓ. கையில் இருக்கும். ஆண்டு முடிந்த ஏடுகள் தாலுகா அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ச் சேரும். ஆகவே 1950-ஆம் ஆண்டுப் பதிவுக்கு வி.ஏ.ஓ.விடம் நிற்காமல், அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் சேர்ந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போங்கள். அங்கே இல்லையென்றால் தாலுகா அலுவலகப் பதிவறை.

*1970 ஏப்ரல் 1 முதல்* 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய பதிவுகள் படிவம் ஒரே சீராக இருப்பதால் வாசிக்க எளிது. இணையத்தில் தேடிக் கிடைப்பவை அண்மை ஆண்டுகளுடையவை. முன்னோர் தேடலுக்கு அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்று நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ இருக்கும் ஊர் அந்த ஆண்டில் வெறும் கிராமமாக இருந்திருக்கலாம். இன்றைய பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போகாமல், நிகழ்வு நடந்த ஆண்டில் அது என்னவாக இருந்தது என்று கேட்டுப் போங்கள்.

8. விண்ணப்பம் எழுதுவது

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது: நிகழ்வு பிறப்பா இறப்பா, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், நடந்த இடம் (வருவாய்க் கிராமம், அடைப்புக்குள் ஹட்டி அல்லது எஸ்டேட்), தேட வேண்டிய ஆண்டுகள், உங்கள் உறவு, காரணம். "குடும்ப வரலாறு" என்று எழுதத் தயங்க வேண்டாம், ஆனால் உறவு ஆவணங்களை இணையுங்கள்.

தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வாங்கப்படும். இருபது ஆண்டுக்கு மனுக் கொடுத்தால் பணமும் போகும், தேடுபவரின் பொறுமையும் போகும். முதலில் மூன்று ஆண்டு கேளுங்கள்: உங்கள் கணிப்பு ஆண்டு, முந்தையது, பிந்தையது. கிடைக்காவிட்டால் இருபுறமும் ஒவ்வோர் ஆண்டாக விரியுங்கள்.

டிசம்பரில் நடந்தது ஜனவரியில் பதிவாகியிருக்கும். அதனால் அடுத்த ஆண்டின் முதல் சில மாதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏடு நிகழ்ந்த தேதியின் வரிசையில் ஓடாது, பதிந்த தேதியின் வரிசையில் ஓடும்.

மழைக்காலத்தில் மனுக் கொடுப்பதைத் தவிர்த்தால் நல்லது. மலை ஈரத்தில் பழைய தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் கிழியும் என்று தொடவே தயங்குவார்கள். பிப்ரவரி, மார்ச் தோதான காலம்.

தேடியும் இல்லை என்றால் வாய்ச்சொல்லோடு வராதீர்கள். "பதிவு இல்லை" என்ற சான்றை, தேடிய ஆண்டுகள் குறிக்கப்பட்டு, எழுத்தில் வாங்குங்கள். அந்த ஏட்டில் அந்த ஆண்டுகள் முடிந்தன என்று உங்கள் தாளில் அடித்துவிடலாம். "ஏடே இல்லை" என்பதும் "ஏட்டில் பெயர் இல்லை" என்பதும் வேறு வேறு என்பதால், எது என்று கேட்டுத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நகல் வாங்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம். நகலுக்குத் தனி விதி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இன்ன கிராமத்தின் 1930 முதல் 1950 வரையான பிறப்பு, இறப்பு ஏடுகள் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளன?" என்று இடத்தைக் கேட்க அது அருமையான கருவி. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, பதிவு இல்லை என்பதற்காகக் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாமதப் பதிவு செய்ய முனைவது. வாக்குமூலத்தின் பேரில் இன்று உண்டாகும் அந்தச் சான்று, நீங்கள் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லும். தேடலுக்கு அது ஆதாரமே ஆகாது. மற்றது, பழைய பதிவில் எழுத்துப்பிழை என்று திருத்த மனுக் கொடுப்பது. அந்தப் பிழையே பின்னால் வேறோர் ஏட்டில் அவரைக் கண்டுபிடிக்கும் சாவியாக இருக்கலாம்.

9. பதிவை வாசிப்பது

பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர்க்கட்டம் காலியாக இருப்பது சகஜம். பெயர் வைப்பதற்கு முன்பே முன்சீப்பிடம் சொல்லியிருப்பார்கள், அவர் "ஆண்" என்று எழுதி மூடியிருப்பார். அதனால் தேடும்போது தகப்பன் பெயர், பால், தேதி மூன்றையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். முன்னோர் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் கண்முன் இருக்கும் பதிவைக்கூடத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பெயர்களுக்கு மாற்று வடிவப் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுங்கள். போஜன், போஜ கவுடர், போஜராஜ் ஒரே ஆளாக இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் ஜோகி, பெள்ளி போன்ற பெயர்கள் எழுதியவரின் காதுக்கு ஏற்ப மாறும். முருகாயி ஓரிடத்தில் முருகம்மாள் ஆவார். இனிஷியலை நம்ப வேண்டாம், அந்தக் காலத்து ஏடுகளில் "இன்னார் மகன்" என்பதுதான் இனிஷியல்.

தகவல் தந்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தர்கள் நகலில் விட்டுவிடுவார்கள், ஆனால் அது பெரும்பாலும் மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த சுவடு அங்கிருந்து கிடைக்கும்.

இறப்புக்கான காரணம் சான்று நகலில் வராது. 1969 சட்டமே அதைத் தடுத்திருக்கிறது. காரணம் வேண்டுமென்றால் குடும்பத்தாரிடமும் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும்தான் தேட வேண்டும்.

10. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஏடுகள்

இங்கே அரசுப் பதிவைவிடப் பங்கு ஏடு பல ஆண்டு முந்தியது. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1831-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடு. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. சில நாளும் ஆகியிருக்கலாம், பெரியவராகி மதம் மாறியவராக இருந்தால் முப்பது ஆண்டும் ஆகியிருக்கலாம். இரண்டு கட்டத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைக் கவனியுங்கள். பிற்காலத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் எந்தப் பங்கில் நடந்தன என்று அந்த ஓரத்தில் எழுதுவது அவர்களின் முறை. ஒரு பதிவில் இருந்து அடுத்த ஊர் தெரிந்துவிடும். உதகை மறைமாவட்டம் 1955-இல் மைசூரிலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தைய கடிதங்களும் அனுமதிகளும் மைசூர்ப் பக்கம் இருக்கும். ஏடு பங்கிலேயேதான். இலத்தீன் தலைப்புகளைக் கண்டு மிரள வேண்டாம். கட்டங்களின் வரிசை மாறாது.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல்தான் உருவானது. அதற்கு முன் உங்கள் சபை ஆங்கிலிக்கனா, பாசல் மிஷனா, வேறு மிஷனா என்று தெரிந்தால்தான் பழைய தாள்கள் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியும். கேத்தியிலும் கோத்தகிரியிலும் வேலை செய்த பாசல் மிஷனின் ஆவணங்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கின்றன, பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். ஆங்கிலிக்கன் ஆலயங்கள் மதராஸுக்கு அனுப்பிய ஆண்டு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்-2' என்ற வரிசையில் உள்ளன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இந்தியாவுக்கான ஞானஸ்நான, திருமண, அடக்க அட்டவணைகளை இலவசமாகத் தேடலாம். அதில் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் அதிகம், தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. அங்கே இல்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பங்குத்தந்தையையோ சபை ஆயரையோ பார்க்க ஞாயிறு காலை போகாதீர்கள். வார நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஆண்டை எழுதிக்கொண்டு போங்கள்.

11. திருமணம்

இந்துத் திருமணத்துக்குப் பழைய அரசுப் பதிவு பெரும்பாலும் இருக்காது. எல்லா மதத்தாரும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2009 நவம்பரில். அதற்கு முன் பத்திரிகை, மொய் நோட்டு, போட்டோ ஆல்பம்தான். மொய் நோட்டில் தேதியும், எந்த ஊர் உறவுகள் வந்தார்கள் என்பதும் இருக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. அது மணமகளின் ஊர் ஜமாஅத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கிறிஸ்தவத் திருமணமும் அப்படியே, பெண்ணின் பங்கில் முதலில் பாருங்கள். சாட்சிகளின் பெயரை விடாதீர்கள்.

12. எஸ்டேட் குடும்பங்களும் தாயகம் திரும்பியவர்களும்

தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தில் நடக்கும் பிறப்பு, இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் தோட்டத்தின் கண்காணிப்பாளர். ஆகவே தகவல் தந்தவர் கட்டத்தில் துரையின் கையெழுத்தோ ஆபீஸ் முத்திரையோ இருக்கும், உறவினர் பெயர் இருக்காது. துரை அனுப்பாமல் விட்டிருந்தால் பதிவும் இருக்காது. அப்போது எஸ்டேட் டிஸ்பென்சரி நோட்டு, செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), பி.எஃப். மற்றும் பணிக்கொடை நியமனப் படிவம் ஆகியவைதான் மிஞ்சும். நியமனப் படிவத்தில் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது, உறவு எல்லாம் தொழிலாளியே சொல்லி எழுதியது. தோட்டம் கைமாறியிருந்தால் பழைய ஏடுகளைப் புதிய கம்பெனியிடம் கேட்பதற்கு முன், ஓய்வுபெற்ற ஆபீஸ் ரைட்டர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எந்த அலமாரியில் எது இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறியவர்களுக்கு முதல் ஆவணம் அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் மறுவாழ்வுக் குடும்ப அட்டையும். அதில் இருக்கும் தோட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து நகல் எடுங்கள். இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறு. பதிவு ஆங்கிலப் பெயரில் இருக்கும். தோட்டம் எந்த மாவட்டம் என்று உறுதியானதும், அந்த மாவட்டப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் மாவட்டத்தை ஊகிக்க வேண்டாம். அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் நேரில் போனால் வேலை விரைவாக முடியும்.

1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குடியுரிமை கேட்ட விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருந்தால் அது பெரிய புதையல். எப்போது வந்தார்கள், எந்தத் தோட்டங்களில் இருந்தார்கள், பிள்ளைகள் யார் யார் என்பது அதில் வரும்.

13. பிறப்பு, இறப்புப் பதிவே இல்லை என்றால்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். டி.சி.யைவிட அது விரிவானது, தகப்பனார் பெயரும் முன்பு படித்த பள்ளியும் இருக்கும். அடுத்து வில்லங்கச் சான்று. தாத்தாவின் சர்வே எண்ணுக்குப் போட்டால் விற்பனை, பாகப்பிரிவினை, தானப் பத்திரங்களின் எண்கள் வரும். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவகத்தில் நேரில் மனுக் கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பி வரிசை, தகப்பன், சில சமயம் இறந்துபோன பாட்டனின் பெயர் வரை ஒரே இடத்தில். ஒருவர் எந்தப் பத்திரத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார், எந்தப் பத்திரத்தில் "காலஞ்சென்ற" ஆனார் என்று பார்த்தால் இறந்த ஆண்டின் எல்லை பிடிபடும்.

தோடர் குடும்பங்களுக்கு மட்டும் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் தோடர்களைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலில் குலவாரியாக வம்சாவளி அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் அதிலுள்ள எழுத்துக்கூட்டல் அவருடையது. வாய்விட்டுப் படித்து, மந்தில் இருக்கும் மூத்தவரிடம் சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

14. அவர்தானா என்று உறுதி செய்வது

ஒரு ஹட்டியில் ஒரே காலத்தில் மூன்று மாதன் இருப்பார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே வீட்டிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். ஒரு பெயரும் ஓர் ஊரும் பொருந்தினால் போதாது. தகப்பன், தாய் அல்லது மனைவி, வயது, வீடு ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். அவற்றில் ஒன்றாவது பெண்ணின் பெயராக இருக்கட்டும். மாதன் மகன் போஜன் என்று பலர் இருக்கலாம். மாதனுக்கும் இன்ன ஊர்ப் பெண்ணுக்கும் பிறந்த போஜன் என்றால் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறப்புப் பதிவு கிடைத்ததும், அதே தகப்பன் தாய் பெயரில் அதே ஏட்டில் இறப்பும் இருக்கிறதா என்று அடுத்த ஐந்து ஆண்டுக்குப் பாருங்கள். குழந்தையாகவே இறந்தவராக இருந்தால் அது உங்கள் தாத்தாவின் அண்ணன். தாத்தாவின் பதிவு இன்னும் சில பக்கம் தள்ளி இருக்கும்.